சீருடைக்கு முன் ஒரு கணக்கு

குளுவாங்கில் மக்கோத்தா இராணுவ முகாம் இருக்கிறது. ஆனாலும், எஸ்.பி.எம். முடித்ததும் படையில் சேர்வேன் என்று சொல்லும் நம் மாணவர்கள் குறைவு. ஆசைப்படுபவர்களையும் "ஆபத்து, வேண்டாம்பா" என்று வீட்டார் தடுத்துவிடுகிறார்கள்.

அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. 2024 ஏப்ரலில் லுமுட்டில் கடற்படை ஹெலிகாப்டர்கள் இரண்டு மோதி 10 பேர் உயிரிழந்தனர். அது போர்க்களம் அல்ல, அணிவகுப்புக்கான ஒத்திகை.

மறுபக்கம் நிலையான சம்பளம், இலவச மருத்துவம், நாட்டுக்கு உழைக்கும் பெருமை எல்லாம் உண்டு.

என் கவலை வேறு. சாதாரண வீரராகச் சேர்பவர் ஓய்வூதியம் பெற 21 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். 18 வயதில் சேர்ந்தால் 39 வயதில் வெளியே வருவார். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் காலம் அது. ஓய்வூதியம் மட்டும் போதாது, இன்னொரு வேலை தேட வேண்டும். அவர் விருப்பப்பட்டு இடையிலேயே விலகினால், அந்த ஓய்வூதியமும் இல்லை.

எனவே ஆர்வமுள்ளவர்கள் படிப்போடு சேர்த்துத் திட்டமிடுங்கள். சுங்கை பீசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பும் அதிகாரிப் பயிற்சியும் ஒன்றாகக் கிடைக்கின்றன. மற்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பாலாப்பேஸ் பயிற்சி உண்டு. உடனே சேர விரும்பினால், படையில் இருக்கும்போதே ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள்.

சீருடையை ஒருநாள் கழற்றத்தான் வேண்டும். அதற்கு மறுநாள் என்ன செய்வோம் என்று யோசித்துவிட்டு, பிறகு விண்ணப்பப் பாரத்தை நிரப்புவோம்.