சிவப்புத் தொகுப்பில் விடுபட்டவர்கள்



நம் சபையின் விழா மலருக்கான பணி தொடங்கிவிட்டது. எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்று மலர்க் குழுவினர் சென்ற வாரம் நெடுநேரம் கலந்து பேசினார்கள். புதிய ஆலயக் கட்டடம், பிரதிஷ்டை ஆராதனை, பாடகர் குழு பெற்ற பரிசுகள் என்று பட்டியல் நீண்டது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இறையியல் கல்லூரி விடுதியில் நண்பர் ஒருவரின் கேசட்டில் முதன்முதலாகக் கேட்ட பாடல்கள் நினைவுக்கு வந்தன. அவை பீட்டில்ஸ் என்னும் ஆங்கில ராக் இசைக்குழுவின் பாடல்கள்.

'போதகர் எழுதத்தக்க பொருளா இது?' என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். தாங்கள் இயேசுவைவிடப் பிரபலமாகிவிட்டதாக அக்குழுவின் ஜான் லெனன் 1966இல் சொன்னதும், எதிர்ப்பு எழுந்தபின் அதற்காக மன்னிப்புக் கேட்டதும் எனக்குத் தெரியும். ஆயினும் அத்தேனே பட்டணத்தாரிடம் பேசிய பவுல் அவர்களுடைய கவிஞர்களையே எடுத்துக்காட்டினார் அல்லவா? அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

பீட்டில்ஸ் 1970இல் பிரிந்தது. 1973இன் தொடக்கத்தில், 'ஆல்ஃபா ஒமேகா' என்ற பெயரில் அவர்களுடைய பாடல்களை அனுமதியின்றித் தொகுத்து அமெரிக்காவில் சிலர் விளம்பரம் செய்து விற்றார்கள். ஆதியும் அந்தமுமானவருக்கு உரிய நாமம் திருட்டுப் பதிப்புக்குப் பெயராயிற்று! அதற்கு எதிராக அதே ஆண்டு ஏப்ரலில் அதிகாரப்பூர்வமான இரண்டு தொகுப்புகள் வெளிவந்தன. சிவப்பு உறையில் 1962 முதல் 1966 வரையிலான 26 பாடல்கள். நீல உறையில் 1967 முதல் 1970 வரையிலான 28 பாடல்கள். இலண்டனில் ஒரே கட்டடத்தின் மாடிப்படிச் சுவரோரம், 1963இலும் 1969இலும் ஆங்கஸ் மக்பீன் என்ற ஒரே கலைஞர் எடுத்த இரு படங்கள் அந்த உறைகளில் உள்ளன. நிற்கும் இடமும் விதமும் ஒன்றுதான். ஆனால் நால்வரின் முகங்களும் ஆறே ஆண்டுகளில் வெகுவாக மாறியிருந்தன.

அந்தச் சிவப்புத் தொகுப்பின் 26 பாடல்களும் லெனன், மெக்கார்ட்னி என்னும் இருவர் பெயரில் அமைந்தவை. குழுவின் இளையவரான ஜார்ஜ் ஹாரிசன் இயற்றிய பாடல் ஒன்றுகூட அதில் இல்லை. 1965இல் அவர் வாசித்த சித்தார், 'நார்வீஜியன் வுட்' பாடலில் அதே தொகுப்பிலேயே ஒலிக்கிறது. அவருடைய கை அங்கே உண்டு, பாட்டு இல்லை. நீலத் தொகுப்பில் நான்கு பாடல்கள் அவருக்குக் கிடைத்தன. அவர்கள் தங்கள் முன்னோடிகளிடமிருந்து கற்றுப் பாடிய பாடல்களும் சேர்க்கப்படவில்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில் இரண்டு தொகுப்புகளும் விரிவாக்கப்பட்டன. 54 பாடல்கள் 75 ஆயின. சிவப்பில் ஹாரிசனின் இரண்டு பாடல்கள் இடம்பெற்றன. நீலத்தில் இன்னும் இரண்டு கூடின. கறுப்பின இசைக் கலைஞர்களான சக் பெர்ரி, ஸ்மோக்கி ராபின்சன் ஆகியோர் இயற்றி, இவர்கள் பாடிய பாடல்களும் வந்தன. லெனன் வீட்டில் பதிந்துவைத்த, இரைச்சல் மிகுந்த பழைய ஒலிநாடாவிலிருந்து அவருடைய குரலைப் பிரித்தெடுத்து முடிக்கப்பட்ட 'நவ் அண்ட் தென்' என்ற பாடலும் சேர்ந்தது. இவற்றைக் காண லெனனும் இல்லை, ஹாரிசனும் இல்லை. ஒருவர் 1980இலும் மற்றவர் 2001இலும் மறைந்தார்கள்.

தெரிந்தெடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் எவரும் படிக்கமாட்டார்கள். ஆனால் புகழ்பெற்றவற்றை மட்டும் தொகுத்தால், அந்தப் புகழைச் சுமந்த தோள்கள் மறைந்துபோகும். அடுத்த தலைமுறை அந்தத் தொகுப்பையே முழு வரலாறு என்று நம்பிவிடும். விடுதியில் நானும் அப்படித்தான் நம்பினேன்.

நம் கையிலுள்ள சங்கீதப் புத்தகமும் ஒரு தொகுப்பே. அதன் 150 சங்கீதங்களில் 73 தாவீதின் பெயரைத் தாங்குகின்றன. ஆனால் ஆசாபுக்கும் கோராகின் புத்திரருக்கும் அங்கே இடமுண்டு. பெயரே இல்லாதவர்களுக்கும் இடமுண்டு. ராஜாவின் பாவத்தை 51ஆம் சங்கீதத்தின் தலைப்பே வெளிப்படையாகச் சொல்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. தொகுத்தவர்கள் அதை நீக்கவில்லை. ஆகவேதான் துக்க வீட்டில் அதை நாம் வாசிக்க முடிகிறது.

அன்பானவர்களே, நம் மலரில் 2023 ஜூலைக்கு ஒரு பக்கம் உண்டா? நின்றுகொண்டிருந்த நெற்பயிரின்மேல் பொக்லைன்கள் இறங்கி வாய்க்கால் வெட்டிய நாட்களை வளையமாதேவி மறந்துவிடவில்லை. விழா மலரில் அது எதற்கு என்று குழுவில் ஒருவர் கேட்டார். தம் வயலை இழந்தவர் நமது ஆராதனையில் நமக்கு அருகில் அமர்ந்திருக்கிறாரே, அதற்காகத்தான். விடியுமுன் ஆலயத்தைப் பெருக்கிய தாய்மாருக்கும், முந்தின தலைமுறைக்கு எழுத்தறிவித்துப் பாட்டும் சொல்லித் தந்தவர்களுக்கும் ஒவ்வொரு பக்கம் வேண்டும். ஆலயத்தின் படங்கள் சில குறைந்தால் இவற்றுக்கு இடம் கிடைக்கும்.

ஹாரிசனின் பாடல்கள் சிவப்புத் தொகுப்பில் சேர ஐம்பது ஆண்டுகள் ஆயின. நம் மூத்தவர்களுக்கு அவ்வளவு காலம் இல்லை. ஆகையால் வரும் ஞாயிறு ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் இரண்டு குறிப்புகளை எழுதிக் கொண்டுவாருங்கள்: எந்தப் புகைப்படத்திலும் இல்லாத ஒருவரின் பெயர், உங்கள் வீடு அழுத ஓர் ஆண்டு. அவற்றிலிருந்து மலரைத் தொடங்குவோம்.

தேவன்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.