காவல் மாற்ற ஆள் எங்கே?

சில மாதங்களுக்கு முன் நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு மாஜி ஹவில்தார் வந்தார். இருபது ஆண்டு பட்டாளத்தில் இருந்தவர். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். இப்போது புனேக்கு வெளியே ஒரு கிடங்கின் வாசலில் செக்யூரிட்டி வேலை. மகளின் பள்ளிச் சான்றிதழுக்கு மனு எழுத வந்தவர், பெஞ்சில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். எழுப்பிக் கேட்டோம். முதல் நாள் காலை எட்டு மணிக்கு டியூட்டி ஏறியிருக்கிறார். இரவு எட்டு மணிக்கு மாற்ற வேண்டிய ஆள் வரவில்லை. மறுநாள் காலைவரை இவரே நின்றிருக்கிறார். “விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே?” என்றோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மாத்த ஆள் வராம போஸ்டை விட்டுப் போகச் சொல்றீங்களா? நான் பட்டாளத்துக்காரன் அண்ணே!”

தோழர்களே, அந்தக் கோபத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அதை வைத்து ஒரு காண்ட்ராக்டர் இரட்டை ஆள் வேலையை ஒற்றைக் கூலிக்கு வாங்கிக்கொள்கிறாரே, அதை மதிக்க முடியுமா?

புனே பட்டாளத்து ஊர். தென் பிராந்தியத் தலைமையகம் இங்கே. கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை. தேகு ரோட்டில் ராணுவக் கிடங்குகள். கட்கியைக் கிர்க்கி என்றே சொல்லும் நம் பெரியவர்கள் பலர் இந்தக் கிடங்குகளையும் பட்டாளத்தையும் நம்பித்தான் ரயிலேறி வந்தார்கள். சிப்பாய் நாற்பதை ஒட்டிய வயதில் வெளியே வருகிறார். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். பென்ஷன் மட்டும் போதாது. அடுத்த வேலை எது? பெரும்பாலும் வாசற்காவல். ‘மாஜி ராணுவத்தினருக்கு முன்னுரிமை’ என்று விளம்பரம் வருகிறது. நேரத்துக்கு வருவார், குடிக்கமாட்டார், எதிர்த்துப் பேசமாட்டார், சங்கம் சேரமாட்டார். காண்ட்ராக்டருக்கு மிகவும் பிடித்தது கடைசி இரண்டும்தான்.

பட்டாளம் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதானா? சென்ட்ரி டியூட்டி பார்த்த எவரையும் கேளுங்கள். இரண்டு மணி நேரம் காவல், நான்கு மணி நேரம் ஓய்வு என்பது வழக்கம். நேரத்துக்கு மாற்று ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது கார்டு கமாண்டரின் பொறுப்பு. போஸ்டை விடாதே என்ற உத்தரவுக்குப் பின்னால், உன்னை மாற்ற ஆள் அனுப்புவேன் என்ற உறுதியும் இருந்தது. 1932இல் டேராடூன் ராணுவப் பயிற்சிக் கழகத்தின் தொடக்க விழாவில் தளபதி செட்வுட் அதிகாரிகளுக்குச் சொன்ன வரிசையும் இதுதான்: முதலில் நாடு, அடுத்து உன் கீழுள்ள ஆட்களின் நலன், உன் சுகம் எப்போதும் கடைசியில். (அதிகாரி வீட்டில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்ட சிப்பாய்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். நாமும் பட்டாளத்துக்குப் பரணி பாட வரவில்லை.) ஆனாலும் கட்டளை கீழே இறங்கினால் பொறுப்பு மேலே ஏற வேண்டும் என்ற விதியாவது அங்கே இருந்தது. காண்ட்ராக்டர் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் குப்பையில் போட்டுவிட்டார்.

முரளிகாந்த் பேட்கரை மராட்டிய நண்பர்கள் அடிக்கடி உதாரணம் காட்டுவார்கள். சாங்லி மாவட்டத்துக்காரர், 1965 போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். பிறகு புனே டெல்கோவில் வேலை பார்த்தார். பட்டாளத்துப் பிடிவாதம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பிடிவாதம் வெறுங்கையோடு நீந்தவில்லை. ராணுவ மருத்துவமனை இருந்தது, நீந்தக் குளம் இருந்தது, சக்கர நாற்காலிக்காரருக்கு வேலை தர ஒரு தொழிற்சாலை இருந்தது. அவருக்கு அர்ஜுனா விருது வந்து சேர்ந்தது 2025இல் என்பதையும் சொல்லிவைப்போம்.

நம்மவர்கள் ஏன் கேட்பதில்லை? கேட்பதே ஒழுங்கீனம் என்று நினைக்கிறார்கள். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, சிப்பாய்க்கே மேலதிகாரியிடம் குறை சொல்லும் வழியைத் தந்திருக்கிறது. தொழிற்சங்கத்தில் சேரத் தடை போடும் அதிகாரம் 21ஆம் பிரிவில் இருக்கிறது. சரி, சீருடையைக் கழற்றியபோது அந்தத் தடையும் கழன்றுவிட்டதல்லவா? மகாராஷ்டிரத்தில் தனியார் காவலர்களுக்கென்றே 1981இல் ஒரு சட்டம் வந்தது. காவலர் வாரியத்தில் பதிவானவருக்குக் கூலி, சேமநிதி, விடுப்பு ஆகியவற்றை வாரியம் கவனிக்கிறது. விலக்குப் பெற்ற ஏஜென்சிகளும் அதற்குக் குறையாத சலுகை தர வேண்டும். உங்கள் ஏஜென்சி இதில் எந்த ரகம் என்று விசாரித்ததுண்டா?

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. 2022இல் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் நம் பிள்ளைகளும் சேர்கிறார்கள். அறிவிக்கப்பட்ட விதிப்படி, நான்கு ஆண்டு முடிந்ததும் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நிலைக்கமாட்டார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்ச ரூபாயோடு வெளியே வருவார்கள், பென்ஷன் கிடையாது. மாஜி ஹவில்தாருக்குப் பென்ஷனாவது இருக்கிறது. இருபத்தைந்து வயதில் அதே வாசலில் வந்து நிற்கும் பையனுக்கு என்ன இருக்கும்? அவன் வருவதற்குள் அந்த வாசலின் விதிகளைத் திருத்தியாக வேண்டும்.

அந்த ஹவில்தாரிடம் போஸ்டை விட்டு வாருங்கள் என்று நாம் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டார். பட்டாளத்தில் கார்டு ரிப்போர்ட் எழுதுவீர்களே, அதையே இங்கும் எழுதுங்கள் என்றோம். வாசல் ரிஜிஸ்தரில் எழுத ஆரம்பித்தார்: இரவு 8 மணி, மாற்று ஆள் வரவில்லை, காவல் தொடர்கிறது, கையெழுத்து. ஐந்து வாரத்தில் ஒன்பது முறை. கிடங்கு மேனேஜர் ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து இரவு ஆள் எட்டு மணிக்கு வருகிறார். நின்ற ஒன்பது இரவுகளுக்குக் கூலி மட்டும் இன்னும் வரவில்லை. அந்தப் பக்கங்களின் நகல் நம் அலுவலகத்தில் இருக்கிறது.