நோன்பு மாதத்தில் நம் பிள்ளைகள் எங்கே சாப்பிடுகிறார்கள்?

2013 ஜூலை மாதம். நோன்பு தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சுங்கை பூலோ, ஸ்ரீ பிரிஸ்தானா தேசியப் பள்ளியின் முஸ்லிம் அல்லாத மாணவர்கள் கழிப்பறையை ஒட்டிய அறையில் மேசை போட்டுச் சாப்பிடும் படங்கள் முகநூலில் பரவின. அது பிள்ளைகள் உடை மாற்றிக்கொள்வதற்காகக் கட்டப்பட்ட அறை. சிற்றுண்டிச்சாலையில் சீரமைப்பு வேலை நடக்கிறது, அந்த அறை இப்போது குளிக்கப் பயன்படுவதில்லை என்று பள்ளித் தரப்பு விளக்கம் கொடுத்தது. அப்போதைய துணைக் கல்வியமைச்சர் ப. கமலநாதன் பள்ளிக்கே நேரில் போனார். படத்தை வெளியிட்ட பெற்றோருக்கு மிரட்டல் வந்ததாகவும் செய்திகள் வந்தன.

படத்தைப் பார்த்த எல்லாருக்கும் கோபம் கழிப்பறை மீதுதான். ஆனால் அதே அறை சுத்தமாக, வேறொரு மூலையில் இருந்திருந்தால் பேச்சு எழுந்திருக்குமா? எழுந்திருக்காது. பல இடைநிலைப்பள்ளிகளில் நம் பிள்ளைகள் மாடிப்படியிலும் மண்டபத்து ஓரத்திலும் காலியான வகுப்பறையிலும் டப்பாவைத் திறப்பதை யாரும் படம் எடுப்பதில்லை. வீட்டில் வந்து சொல்வதும் குறைவு.

2024 மார்ச்சில் கல்வியமைச்சர் ஃபட்லினா சீடேக், நோன்பு மாதத்திலும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகள் திறந்திருக்க வேண்டும் என்று அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் உத்தரவு கதவைத் திறக்கும், அடுப்பைப் பற்ற வைக்காது.

சிற்றுண்டிச்சாலையை நடத்துபவர் குத்தகைக்கு எடுத்தவர். ஆயிரம் மாணவர் படிக்கும் பள்ளியில் எழுநூறு பேர் நோன்பிருந்தால், மிச்சமுள்ள முந்நூறு பேரில் பாதிப் பேர் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வந்தால், அன்றைய விற்பனை ஆள் கூலிக்கே காணாது. தேசியப் பள்ளிகளில் நடத்துநர் பலர் முஸ்லிம்கள், அவர்களும் நோன்பில் இருப்பவர்கள். கூடவே ஒரு சட்டப் பயமும் உண்டு. கூட்டரசுப் பிரதேசத்தின் 1997ஆம் ஆண்டு ஷரியா குற்றச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, நோன்பு நேரத்தில் முஸ்லிம் ஒருவருக்கு உடனே உண்ண உணவு விற்பதையும் குற்றமாக்குகிறது. கூட்டமாக வரும் பிள்ளைகளில் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கடையை மூடுவது அவருக்கு எளிது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

உணவு விற்காவிட்டாலும் மேசையும் நாற்காலியும் கைகழுவும் குழாயும் பள்ளியுடையவை. கடை மூடினால் கூடத்தையே பூட்டிவிடுவதுதான் சிக்கல். பிள்ளைகளுக்கு அந்த ஒரு மாதம் பெரும்பாலும் வேண்டியிருப்பது உட்கார ஓரிடம், கை கழுவத் தண்ணீர், குப்பை போடக் கூடை. இதற்கு அமைச்சின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. நோன்பிருக்கும் தோழன் முன்னால் தோசையை எடுத்து வைக்கக் கூச்சப்பட்டு ஒதுங்கிப் போகும் பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா? தோட்டத்து லயத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் பக்கத்து பக்கத்தில் வாழ்ந்தபோது வந்த பழக்கம் அது. ஆனால் பிள்ளை தானாகக் காட்டும் அந்த மரியாதையைப் பள்ளி விதியாக்கிவிட்டால், மரியாதை மறைந்து பயம் மட்டும் மிஞ்சுகிறது. சாப்பிடுவது ஏதோ தப்புக் காரியம் என்று பதின்மூன்று வயதில் மனத்தில் பதிந்துவிடும். சிலர் சாப்பிடுவதையே விட்டுவிடுகிறார்கள். காலை ஆறு மணிக்குப் பள்ளி வேனில் ஏறி, மாலை புறப்பாடம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை.

ஒளிந்து சாப்பிடுவது நம் பிள்ளைகள் மட்டும் என்றும் நினைக்கக் கூடாது. பருவமடையாத முஸ்லிம் சிறுவருக்கு நோன்பு கடமையில்லை. மாதவிடாய் நாட்களில் மாணவிகள் நோன்பிருப்பதில்லை, நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. சிற்றுண்டிச்சாலை பூட்டியிருந்தால் அவர்களும்தான் மூலை தேட வேண்டும். அவர்களுடைய கூச்சம் இன்னும் பெரிது.

நம் பெற்றோர் பலருக்கு இது பிடிபடாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியிலோ பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியிலோ ஆறு ஆண்டு படித்த பிள்ளைக்கு நோன்பு மாதமும் மற்ற மாதம் போலத்தான். ஓய்வு மணி அடித்ததும் நண்பர்களோடு சத்தமாகச் சாப்பிட்டே பழக்கம். முதலாம் படிவத்தில் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும்தான் எல்லாம் மாறுகிறது. எங்கே உட்காருவது என்று யாரும் சொல்வதில்லை. மூத்த மாணவர்கள் எங்கே ஒதுங்குகிறார்களோ அங்கேயே இவனும் போய் நிற்கிறான்.

அடுத்த சில ஆண்டுகளில் இது இன்னும் நெருக்கும். பள்ளித் தவணை 2026 முதல் மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டது. நோன்பு மாதமோ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. புதிய பள்ளியில் சேர்ந்த சில வாரங்களிலேயே பிள்ளை நோன்பு மாதத்தைச் சந்திக்க வேண்டும். அதனால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்கள் தவணை தொடங்கும்போதே கேட்க வேண்டும்: அந்த மாதம் கூடம் திறந்திருக்குமா? கடைக்காரர் விடுப்பு எடுத்தால் மாற்று விற்பனையாளர் உண்டா? பொறுப்பாசிரியர் யார்? முகநூலில் படம் போட்ட பிறகு கேட்பதைவிட, இப்போது கேட்டால் தலைமையாசிரியரும் பதறாமல் பதில் சொல்வார்.

2028இல் நோன்பு ஜனவரி இறுதியிலேயே வந்துவிடும். தன் வகுப்பறை எந்த மாடியில் என்பதே அந்தப் பிள்ளைக்கு அப்போது சரியாகப் பழகியிருக்காது.