தன்ஷரி: எறிவதும் துறப்பதும்

ஜப்பானியச் சொல்லான ‘தன்ஷரி’, யமஷிதா ஹிதெகோ 2009-ல் எழுதிய நூலின் வழியே பரவலாயிற்று. அடுத்த ஆண்டே அந்நாட்டின் புதுச்சொற்களுக்கான விருதுப் பட்டியலில் இடம்பிடித்தது. வேண்டாத பொருட்களைக் கழித்துக்கட்டுதல் என்றே பலரும் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். இது அரைகுறையான புரிதல் என்பது என் எண்ணம்.

சொல்லில் மூன்று கான்ஜி எழுத்துகள் உள்ளன. ‘தன்’ வெட்டுதல்: உள்ளே வரவிருப்பதை வாசலிலேயே மறுப்பது. ‘ஷ’ எறிதல்: இருப்பவற்றில் தேவையற்றதை விலக்குவது. ‘ரி’ அகலுதல்: பொருளின் மீதுள்ள பற்றிலிருந்து நீங்குவது. யோக மரபின் மூன்று ஒழுக்கங்களிலிருந்து யமஷிதா இவற்றை எடுத்துக்கொண்டார். கழித்துக்கட்டுதல் என்ற பொருளில் நடு எழுத்து மட்டுமே எஞ்சுகிறது.

அந்த நடு எழுத்தும் எளியதன்று. மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சை என்ற பௌத்த நற்குணங்கள் நான்கில், உபேட்சைக்குச் சீன மொழிபெயர்ப்பாளர்கள் இட்ட எழுத்து இதுவே. மனமுவந்து அளிக்கும் காணிக்கையைக் குறிக்கும் ‘கிஷ’ என்ற சொல்லிலும் இது உண்டு; கைவிடப்பட்ட குழந்தையைக் குறிக்கும் ‘சுதெகோ’விலும் உண்டு. சமநிலை, ஈகை, கொடுமை மூன்றுக்கும் ஒரே எழுத்து. விடுகிற கை எத்தகையது என்பதைப் பொறுத்தே பொருள் அமைகிறது. தமிழிலும் உபேட்சை சமநிலை என்ற உயரத்திலிருந்து இறங்கி, அலட்சியம் என்றாகிவிட்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

முதல் எழுத்தை விட்டுவிட்டு நடு எழுத்தை மட்டும் கைக்கொண்டால் என்ன நேரும்? காலியான அலமாரி அடுத்த கொள்முதலுக்கு இடமாகும். எறிதலே நுகர்வின் மறுபாதியாகிவிடும். பற்று நீங்கச் சொல்லும் இச்சொல்லே இன்று பதிவுபெற்ற வணிகக்குறி என்பதில் உள்ள முரண் சிறிதன்று.

இச்சொல் பேசப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான், 2011 மார்ச்சில், வடகிழக்கு ஜப்பானை ஆழிப்பேரலை தாக்கியது. அதன்பின் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து குடும்பப் புகைப்படங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். நீரில் கழுவி உலர்த்தினார்கள். உரியவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். வீடே போனவர்களுக்கு அந்த ஈரத்தாள்களை மீட்டுத் தந்தவர்கள் தன்ஷரிக்கு எதிராக நடக்கவில்லை என்றே கருதுகிறேன். துறப்பதற்கு முதலில் அது நம் கையில் இருக்கவேண்டும். பறிபோனதைத் துறவு என்று எவரும் சொல்லமுடியாது.

ஆகவே எதை எறிந்தோம், எவ்வளவு எறிந்தோம் என்பது இரண்டாம் கேள்வி. எதை வாசலில் மறுத்தோம் என்பதே முதற்கேள்வி. எழுத்துகளின் வரிசையும் அதுதான்.