இன்னும் என்னா எக்சசைஸ், மிஸ்?



மழை தொடங்கிவிட்டால் எங்கள் தேயிலை மலைப்பக்கத்தில் முழங்கால் பேச்சும் தொடங்கிவிடும். சித்தாலேப தைல டப்பா ஒரு லயக் காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்குக் கைமாறும். அதற்கும் வலி அடங்காதபோதுதான் கிளினிக். அங்கே போனால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், கரண்ட் வைக்க வேண்டும். வெறுங்கையோடு அனுப்பினால் அது வைத்தியமே இல்லை என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம்.

பிரிட்டனின் நைஸ் (NICE) என்ற மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2022 அக்டோபரில் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டி இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. வயது 45 அல்லது அதற்கு மேல், நடமாடினால் வலி, காலை இறுக்கம் அரைமணிக்குள் விட்டுவிடுகிறது என்றால் நோயை அறிய எக்ஸ்ரே வழக்கமாகத் தேவையில்லை. டென்ஸ் (TENS), அல்ட்ராசவுண்ட் போன்ற மின்சிகிச்சைகள் வேண்டாம். பலன் தரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. எல்லோருக்கும் தர வேண்டியது உடற்பயிற்சி. உடல் பருத்தவர்களுக்கு எடைக் குறைப்பும் சேரும். வழிகாட்டி ஒன்று சொல்ல, சிகிச்சை அறையில் வேறொன்று நடப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன.

இதைச் சொன்னால் கொழுந்தெடுக்கும் அக்காமார் சிரிப்பார்கள். "நாள் பூரா மலை ஏறி எறங்குறோம், இன்னும் என்னா எக்சசைஸ், மிஸ்?" நியாயமான கேள்வி. ஆனால் கூடையோடு சரிவில் இறங்குவது முழங்காலில் சுமையை ஏற்றும் வேலை. பயிற்சி என்பது அந்தச் சுமையைத் தாங்கும் தொடைத் தசையை அளவாக, படிப்படியாக வலுவாக்குவது. கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிப்பது, கையூன்றாமல் எழுந்து உட்காருவது: இவ்வளவில் தொடங்கலாம். முதலில் வலி சற்றுக் கூடக்கூடும், அதற்காக விட்டுவிடக் கூடாது. மூட்டு திடீரென்று சூடேறி வீங்கினால் மட்டும் அது வேறு விஷயம்; உடனே டாக்டரிடம் போங்கள்.

டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், மூட்டுத் தேய்மானக்காரர்களுக்கு இரண்டு விளக்க வகுப்பும் ஆறு வாரத்தில் 12 பயிற்சி வகுப்பும் நடத்துகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் தோட்டத்து மேல் டிவிசனில் இருக்கும் ஒருவர் அப்படியொரு திட்டத்துக்காக டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ போனால், பயிற்சி வகுப்புகளுக்கு மட்டுமே 12 நாள் பேர் (நாட்சம்பளம்) போய்விடும். பஸ் காசு தனி. யார் போவார்கள்?

ஆகவே வகுப்புதான் மலை ஏறி வர வேண்டும் என்பேன். இதற்கு இயந்திரம் வேண்டாம். ஒரு பிசியோ, சில கதிரைகள், பின்னேரக் கொழுந்து நிறுவை முடிந்தபின் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) ஒரு மணி நேரம் போதும். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சுக்கு நடுவே இதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

அதுவரைக்கும், அடுத்த முறை கிளினிக் போகும்போது மருந்துத் துண்டோடு திரும்பிவிடாதீர்கள். எந்தப் பயிற்சி, எத்தனை தடவை என்று கொப்பியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். செய்து பார்த்துவிட்டு எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்