ஈறு ஆபரேஷன்: லேசரா, கத்தியா? அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

‘கத்தி இல்லை, தையல் இல்லை’ என்பது லேசர் பல் சிகிச்சை விளம்பரங்களில் வழக்கமாகப் பார்க்கும் வாசகம். பெரம்பலூர், அரியலூரிலிருந்து வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் திருச்சிக்கு பஸ் ஏறுபவர்களுக்கு, ஒரே தடவையில் வேலை முடிந்தால் நிம்மதிதான். ஆனா, எல்லாத்துக்கும் லேசர் சரிவருமா?

பல் கிளினிக்குகளில் பரவலாக இருப்பது டயோடு லேசர். அதன் சூடான நுனி, சதையை வெட்டும்போதே சின்ன ரத்தக்குழாய்களையும் அடைத்துவிடும். ரத்தக்கசிவு குறையும், பல நேரம் தையலும் தேவைப்படாது. நாக்குக்கு அடியில் இறுகியிருக்கும் சவ்வை விடுவிக்க, மிகையாக வளர்ந்த ஈறைச் சீராக்க இது நல்ல கருவி. மரத்துப்போகும் ஊசியே வேண்டாம் என்று நினைத்துப் போனால் மட்டும் ஏமாற்றம்தான், பெரும்பாலும் போடுவார்கள்.

பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்த ஈறு நோய் வேறு கதை. வேரில் ஒட்டிய காரையைச் சுரண்டி எடுப்பதுதான் அங்கே அடிப்படை சிகிச்சை. முற்றிப்போனால் ஈறைத் திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டும். டயோடு லேசர் காரையையும் எடுக்காது, எலும்பையும் சீராக்காது. ஈறின் கருமையை நீக்கும் லேசரோ அழகுக்கானது. அந்த நிறம் நோயல்ல. எடுத்தாலும் திரும்ப வரலாம்.

உண்மையான ஆபத்து வெள்ளைத் திட்டில் இருக்கிறது. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்தும், புகையிலையைக் கன்னத்தில் அதக்கும் பழக்கம் போகவில்லை. அந்த இடத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு வந்தாலும், மூன்று வாரமாகியும் புண் ஆறாவிட்டாலும் புற்றுநோய்க்கான பரிசோதனை அவசியம். திட்டை லேசரால் சுட்டு நீக்கிவிட்டால் லேபுக்கு அனுப்பச் சதையே மிஞ்சாது. லேசரில் வெட்டி எடுத்தாலும் ஓரம் கருகிவிடும்; நோய் அதுவரை பரவியிருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் சொல்வது சிரமம். எனவே கத்தியால் ஒரு துண்டு எடுத்து பயாப்ஸி பார்ப்பதே முதல் வேலை. முடிவு வந்தபிறகு, டாக்டர் சொன்னால் லேசர்.

தனியார் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு, ஜெயங்கொண்டம் பக்கமிருந்து சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி கிட்ட. பெரம்பலூர்க்காரர்கள் திருச்சி வழியாக, 2023-ல் திறந்த புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

எங்கே போனாலும், நாற்காலியில் சாய்வதற்கு முன் கேளுங்கள்: “டாக்டர், வெட்டுற சதை லேபுக்குப் போகுமா?”