வெயிலுக்கும் மின்னலுக்கும் பயப்பட நாம் எப்போது பழகப் போகிறோம்?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

மழைக்குப் பயப்பட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1978 நவம்பர் சூறாவளியை நமது மூத்தவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அள்ளிச் சென்றதை நாம் யாரும் மறக்கவில்லை. நவம்பர், டிசம்பர் வந்துவிட்டால் கிழக்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் ஏப்ரல் வந்தால்? "வெயில்தானே", "இடிதானே" என்று கடந்து போகிறோம்.

அண்மையில் ஒரு பாடசாலை மைதானத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். இல்ல விளையாட்டுப் போட்டி. பிரதம அதிதி வரத் தாமதமாகி, அணிநடை பதினொன்றரைக்குத்தான் தொடங்கியது. சப்பாத்தும் தொப்பியும் போட்டு வரிசையில் நின்ற பிள்ளைகளில் மூன்று பேர் அடுத்தடுத்து மயங்கி விழுந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், தண்ணீர் தெளித்து நிழலில் படுக்க வைத்ததும் எழுந்துவிட்டார்கள். "காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார்கள்" என்று பிள்ளைகள் மீதே பழியைப் போட்டோம். உண்மை என்னவென்றால், அந்த நேர அட்டவணையை எழுதியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5 முதல் 15 வரையிலான நாட்களில் நண்பகல் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலையகத்தின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, உலர்ந்த சூட்டுக் காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. அதைத்தான் நாம் கச்சான் என்கிறோம். கொழும்பில் மழை என்று தொலைக்காட்சி சொல்லும் நாளில் நமது வயலும் தோட்டமும் காய்வது இதனால்தான்.

வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண்ணைப் பலர் வெப்பநிலை என்று நினைக்கிறார்கள். அது வேறு. காற்றில் உள்ள ஈரப்பதனையும் சேர்த்து, நமது உடம்பு உணரும் சூட்டையே அது சொல்கிறது. வெப்பமானி 33 காட்டும் நாளிலும் உடம்புக்கு 40 ஆக இருக்கலாம். கடலோர ஊர்களில் ஈரப்பதன் கூட, வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. அறிவித்தலில் "அதீத எச்சரிக்கை" என்று வரும் நாளில் பிள்ளைகளை நடுப்பகலில் மைதானத்தில் நிறுத்துவது பயிற்சி அல்ல, கவனயீனம்.

அடுத்தது மின்னல். ஏப்ரல் மாதம் நாட்டில் மின்னல் அதிகம் விழும் காலங்களில் ஒன்று. காலையில் வெயில் கொளுத்தும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு மேற்கே கறுக்கும். சரியாக அந்த நேரம்தான் சிறுபோக வேலைக்கு வாப்பாமார் வயலில் நிற்பார்கள், அஸர் தொழுதுவிட்டுப் பிள்ளைகள் பந்தோடு மைதானத்தில் இறங்குவார்கள். கணக்கு இலகுவானது: மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே மூன்று செக்கன் என்றால் ஒரு கிலோமீற்றர். முப்பது செக்கனுக்குள் இடி கேட்டால் ஆபத்து உங்களைத் தொடும் தூரத்தில் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள், இல்லையென்றால் மூடிய வாகனத்துக்குள் போக வேண்டும். வயல் வாடியும், மரத்தடியும், முச்சக்கர வண்டியும் பாதுகாப்பு அல்ல. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. மின்னல் தாக்கியவரின் உடம்பில் மின்சாரம் தங்காது. பயப்படாமல் தொட்டு முதலுதவி செய்யலாம். 1990க்கு அழையுங்கள்.

மூன்றாவது, பயணம். நமது ஊரில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. ஹஜ், உம்ராப் பயணங்களும் அப்படித்தான். 2024 ஏப்ரல் 16 அன்று டுபாயில் கொட்டிய மழையில் விமான நிலையமே வெள்ளக்காடாகி, நாட்கணக்கில் ஆயிரக்கணக்கானோர் சிக்கித் தவித்தார்கள். பாலைவனத்திலும் இப்படி நடக்கிறது. அதிக சூட்டில் காற்றின் அடர்த்தி குறைவதால் விமானத்துக்கு மேலெழும் விசையும் குறைகிறது. சில வேளை பாரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது சூடு தணியும் வரை காத்திருக்க வேண்டும். இடிமுகிலைக் கண்டால் விமானி சுற்றித்தான் போவார். ஆகவே விமானம் தாமதமானால் கவுண்டரில் நிற்கும் பிள்ளையிடம் சத்தம் போடுவதில் பயனில்லை. அந்தத் தாமதம் நமது உயிருக்கான காவல். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் கடுமையாகக் குலுங்கியதில் ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். ஆசனப் பட்டியை எப்போதும் போட்டிருங்கள்.

அதே ஆண்டு ஜூனில் ஹஜ்ஜின்போது மக்காவில் 51.8 பாகை பதிவானது. 1,300க்கும் அதிகமான ஹாஜிகள் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. வயது போன உம்மா வாப்பாவை அனுப்பும் வீடுகள் பணத்தையும் பையையும் மட்டும் பார்க்காமல் குடை, தண்ணீர், மருந்து, ஓய்வெடுக்கும் நேரம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று சிலர் பின்னூட்டம் இடுவார்கள். நாமும் அதை நம்புகிறவர்கள்தான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று படித்தவர்களும் நாம்தான்.

ஆகவே ஊருக்கு மூன்று வேண்டுகோள்கள்.

அதிபர்களே, ஆசிரியர்களே: மைதான நிகழ்ச்சிகளைக் காலை பத்துக்கு முன் முடியுங்கள், அல்லது அஸருக்குப் பிறகு வானத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அதிதி பிந்தினால் அவர் இல்லாமலே தொடங்குங்கள். பிள்ளைகள் அதிதிக்காகக் காய வேண்டியதில்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளே: ஜனாஸா அறிவித்தலுக்குத் திறக்கும் ஒலிபெருக்கியை மின்னல் எச்சரிக்கைக்கும் திறந்துவிடுங்கள். வயலில் நிற்பவரின் கைபேசி வாடியில் கிடக்கும். பள்ளிச் சத்தம் காதுக்கு எட்டும். முந்திய அறிவித்தல் ஒன்று, பிந்திய அறிவித்தல் ஒன்றைத் தடுக்கலாம்.

பெற்றோரே: பிள்ளையின் பையில் புத்தகத்துக்கு முன் தண்ணீர் போத்தல் இருக்கிறதா என்று பாருங்கள். இடி கேட்டால் விளையாட்டை விட்டு வரப் பழக்குங்கள். வானிலை அறிக்கையைத் தினமும் ஒரு தடவையாவது வாசியுங்கள். ஏதும் அனர்த்தம் என்றால் 117க்கு அழையுங்கள்.

அன்று விழுந்த மூன்று பிள்ளைகளும் எழுந்துவிட்டார்கள். அடுத்த தடவையும் அப்படியே ஆகும் என்று எழுதித்தர நம்மில் யாராலும் முடியாது. எங்கள் பாடசாலையின் அடுத்த நேர அட்டவணையை நாங்கள் மாற்றிவிட்டோம். உங்கள் பாடசாலையில் என்ன நிலை? கீழே எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.